மரபுத்தொடர் பிடிபடாத பாத்திரம்: பிழை காதிலா, வாயிலா?

கதையில் ஓர் ஆளுக்கு மரபுத்தொடர் பிடிபடாது என்று முடிவு செய்தாயிற்று. சிரிப்புக்காக இருக்கலாம், கதைக்கே அது தேவைப்பட்டிருக்கலாம். இன்னொரு முடிவு பாக்கி இருக்கிறது: பிழை அவருடைய காதில் நடக்க வேண்டுமா, வாயில் நடக்க வேண்டுமா? காதில் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் "அந்தப் புரோக்கர் எனக்கே காது குத்தப் பாக்குறான்" என்று புலம்ப, நம்முடைய ஆள் "எந்தக் கோயில்ல வச்சு?" என்று கேட்பார். வாயில் என்றால், புலம்புவதே நம்முடைய ஆள்தான்: "அந்தப் புரோக்கர் எனக்கே மூக்குக் குத்தப் பாக்குறான்."

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வகை வேடிக்கை. அதனால்தான் பலர் இரண்டையும் சேர்த்து ஒரே பாத்திரத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆனால் இவை கதையிடம் கேட்கும் கூலி வேறு வேறு. சிறுகதை என்றால் என் ஓட்டு காதுக்குத்தான். வாய்ப்பிழைக்கும் இடம் உண்டு. அதைத் தாங்குகிற ஆள் கதையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழில் எழுதும்போது அதற்கென்று சில தனித் தொல்லைகளும் இருக்கின்றன, அதைப் பிறகு பார்க்கலாம்.

காதில் நடக்கும் பிழைக்குத் தமிழில் நல்ல மூதாதையர் உண்டு. இத்தாலியில் பிறந்து, தமிழகத்தில் வாழ்ந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு பொல்லாதது, அது தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு சீடன் எரிகிற கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான். சுர்ரென்று சத்தம் வருகிறது, புகை எழுகிறது. ஆறு விழித்துக்கொண்டிருக்கிறது! அலறியடித்து ஓடி வருகிறான். பிற்பாடு அணைந்த கட்டையை வைத்துப் பார்த்தால் சத்தமே இல்லை. தூங்கிவிட்டது, கடக்கலாம். ஆறு சீறுகிறது, ஆறு ஆளை விழுங்குகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை இவர்கள் உண்மையாகவே எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு சோதனையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வெறும் முட்டாள்தனத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இத்தனை காலம் தாங்கியிருக்காது. அந்த முட்டாள்தனத்துக்குள் ஓர் ஒழுங்கான தர்க்கம் ஓடுகிறது.

குதிரைக் கதை இன்னும் நல்ல பாடம். குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது, யாரும் எடுக்கவில்லை. விழுந்ததை எல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு திட்டுகிறார். சரி என்று ஒரு சீடன் குதிரை போட்ட சாணத்தை அதே தலைப்பாகையில் ஏந்திக்கொண்டு வருகிறான். குரு தலையில் அடித்துக்கொண்டு, எதையெல்லாம் எடுக்கலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். அப்புறம் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் பட்டியலை எடுத்துப் படிக்கிறார்கள். வேட்டி இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார்கள். குரு இல்லை. அவர் உடம்பில் துணி இல்லாமல் பள்ளத்தில் கிடந்தபடியே "நான் விழுந்தால் என்னையும் எடுக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

இதில் மரபுத்தொடர் ஏதும் இல்லை, நேரான கட்டளைதான். ஆனாலும் காதுப்பிழை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஒன்று, அதற்கு இரண்டு பேர் வேண்டும்; சொன்னவர், கேட்டவர். இரண்டு, கேட்டவர் எழுந்து ஏதாவது செய்கிறார், அதனால் கதை நகர்கிறது. மூன்று, அடி திரும்பி வந்து சொன்னவர் மேலேயே விழுகிறது. சிரித்து முடித்த பிறகு யோசித்தால், சீடர்களைவிட குருதான் அதிகம் அம்பலப்பட்டிருக்கிறார்.

கேட்டவருக்கு உண்மையாகவே புரியவில்லையா, புரிந்தும் புரியாத மாதிரி நடிக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியின் டில் ஆய்லன்ஷ்பீகல் கதைகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் வந்தவை. அதில் அவன் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்கிறான். என்ன சுடட்டும் என்று கேட்கிறான். ரொட்டிக் கடைக்காரன் இதைக் கேட்கிறாயே என்ற எரிச்சலில், ஆந்தையும் குரங்கும் சுடு என்கிறான். இவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாவில் ஆந்தையும் குரங்குமாகச் சுட்டு அடுக்குகிறான். மாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு முதலாளி அவனைத் துரத்த, அவன் அவற்றைத் தேவாலய வாசலில் விற்று லாபம் பார்க்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும். அலுவலகத்தில் "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் சார்" என்று அப்பாவி முகத்தோடு நிற்பவர்கள் எல்லோரும் இவன் வம்சம். மேலே இருப்பவனை எதிர்த்துப் பேச வழியில்லாத ஆளுக்கு, சொன்னதை அப்படியே செய்வதுதான் கையிலிருக்கும் ஒரே ஆயுதம். உங்கள் பாத்திரம் வேலைக்காரனோ, கடைநிலை ஊழியரோ, மாமியார் வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகளோ என்றால் இந்த வகையை யோசிக்கலாம்.

தமிழுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. அதை நம் கதைகளில் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதை நேர்ப்பொருளில் எடுப்பவனை முட்டாளாகத்தான் காட்ட முடியும், ஏனென்றால் எந்த ஊரிலும் பூனை வானத்திலிருந்து விழாது. நம் மரபுத்தொடர்கள் பலவற்றுக்கு நேர்ப்பொருளும் அதே வீட்டில், அதே கூடத்தில் நடக்கிற காரியம். காது குத்துவது விசேஷம். பத்திரிகை அடிப்பார்கள், தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். மொட்டை அடிப்பது வேண்டுதல். நாமம் போடுவது தினசரி வழிபாடு. தலை முழுகுவது வாராவாரமும் நடக்கும், சாவு வீட்டிலிருந்து வந்தும் நடக்கும். "பழனியில என்னை நல்லா மொட்டை அடிச்சுட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், லாட்ஜில் காசு பிடுங்கினார்களா, முடிக்காணிக்கை செலுத்தினாரா என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். தலையைப் பார்த்தால் இன்னும் சுலபம். ஆகவே தமிழில் காதுப்பிழை செய்கிறவர் முட்டாளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நியாயமான ஆள் நியாயமாகத் தடுமாறலாம்.

ஒரு காட்சி. பெங்களூரில் வளர்ந்த பெண், மதுரைப் பக்கம் கல்யாணமாகி வந்திருக்கிறாள். வீட்டில் மூத்த மகனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அவளாகக் கேட்கிறாள். மாமியார் நிமிராமல் சொல்கிறாள்: "அவனை எப்பவோ தலை முழுகியாச்சும்மா." மருமகளுக்குக் கை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படங்களைத் திரும்பப் போய்ப் பார்க்கிறாள். தாத்தா, பாட்டி, சின்ன வயதில் போன ஒரு அத்தை. அவன் படம் மட்டும் இல்லை. அன்று ராத்திரி கணவனிடம் மெதுவாகக் கேட்கிறாள், "பெரியவர் எப்படித் தவறினாருங்க?" அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு? அவன் ஆவடியில நல்லாத்தானே இருக்கான்" என்கிறான்.

இங்கே சிரிப்பு வரும். கூடவே வேறொன்றும் நடந்துவிடுகிறது. மருமகள் தப்பாகப் புரிந்துகொண்டாள், ஆனால் மாமியாரின் மனக்கணக்கை அந்த வீட்டில் எல்லோரையும்விட அவள்தான் சரியாகப் படித்திருக்கிறாள். அந்த அம்மாவைப் பொறுத்தவரை பையன் செத்துத்தான் போனான். தலை முழுகியாச்சு என்பதைப் பல காலமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வீட்டில், அதற்கு முதல் நாள் இருந்த பொருளை வெளியூர்ப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள். காதுப்பிழையால் கதைக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் இதுதான். மனதறிந்து சொல்லாத ஒன்றை, சொன்னவர் முன்னால் திரும்ப வைக்கிறது.

சாவைப் பற்றிய பேச்சில் இது இன்னும் கூர்மையாகும். இடக்கரடக்கல், மங்கலம் என்று இலக்கணத்தில் படித்தது எல்லாம் இங்கேதான் குவிந்து கிடக்கிறது. தவறிட்டார், காலமானார், இயற்கை எய்தினார், சாமிகிட்டப் போயிட்டார். ஐந்து வயதுப் பிள்ளையிடம் "தாத்தா தவறிட்டார்டா" என்றால், போன வாரம் திருவிழாக் கூட்டத்தில் தான் தவறியதும், மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும், அப்பா ஓடி வந்ததும்தான் அவனுக்கு நினைவு வரும். மைக்கில் சொல்லலாமே என்று அவன் சொன்னால், எழுதுகிறவர் அதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்கக் கூடாது.

பெரியவர்களான நாமும் இதில் அவ்வளவு விவரம் இல்லை. எங்கும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்கிறோம், "போறேன்" என்று சொல்வதில்லை. துக்க வீட்டில் மட்டும் அந்த "வரேன்" திடீரென்று நேர்ப்பொருளுக்கு வந்துவிடுகிறது. மறுபடியும் இப்படி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடுமாம். அதனால் சொல்லாமல் எழுந்து போகிறோம். ஊரே சேர்ந்து ஒரு சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிற இடம் அது. கதாசிரியருக்கு இதைவிட நல்ல களம் வேண்டியதில்லை. விவரம் தெரியாத ஒருவர் அந்த வீட்டு வாசலில் நின்று எல்லோரிடமும் "போயிட்டு வரேன்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

காதுப்பிழை கெடும் இடங்களும் உண்டு. வயது முதல் பிரச்சினை. சின்னப் பிள்ளைகள் மரபுத்தொடரை நேராக எடுத்துக்கொள்வது இயல்பு. பள்ளிக்குப் போய்ச் சில வருஷங்களில் பெரும்பாலும் பிடித்துக்கொள்வார்கள், அதுவும் சூழலோடு கேட்டால் இன்னும் சீக்கிரம். பன்னிரண்டு வயதுப் பையன் "கம்பி நீட்டிட்டான்" என்பதைக் கேட்டு எந்தக் கம்பி என்று கேட்டால் வாசகர் நம்ப மாட்டார், காரணம் ஏதாவது இருந்தாலொழிய. காரணம் என்றதும் பலர் ஒரு மருத்துவப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். 2003இல் வந்த மார்க் ஹேடனின் நாவல் ஒன்றில் கதை சொல்லும் பதினைந்து வயதுப் பையன் கிறிஸ்டோபருக்கு உருவகங்கள் என்றாலே ஆகாது. அவை பொய் என்பது அவன் கட்சி. நாவல் முழுக்க அவன் குரலில் வருவதால் நாம் அவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவன் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களின் பேச்சைப் பார்க்கிறோம். அந்த இடமாற்றம் முக்கியம். வெளியே நின்று ஆட்டிசப் பிள்ளையை நகைச்சுவைக்கு மட்டும் பயன்படுத்துகிற கதையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

இரண்டாவது பிரச்சினை தேர்வு. எல்லாத் தொடரையும் நேராக எடுக்க முடியாது. கேட்டவர் அதை வைத்து எழுந்து ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள். "கண்ணும் கருத்துமா பாத்துக்கோ" என்பதை நேராக எடுத்து என்ன செய்வது? ஒன்றும் கிடையாது. "பெரியவரைக் கொஞ்சம் கவனிச்சுட்டுப் போ" என்று ஆபீஸில் சொன்னால் செய்யலாம். அப்பாவி ஒருவன் அவரையே உற்றுக் கவனித்துக்கொண்டு மத்தியானம் வரை உட்காரலாம், பேனாவால் காது குடைவதிலிருந்து டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பது வரை எல்லாவற்றையும். கவர் மட்டும் நகரவில்லை. லஞ்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் லஞ்சக் கதை எழுதிவிடலாம்.

இனி வாய்.

வாய்ப்பிழைக்குத் தனி ஆள் போதும், எதிரில் யாரும் வேண்டாம். அதனால்தான் மேடையில் இது உடனே எடுபடுகிறது. 1775இல் லண்டனில் மேடையேறிய ஷெரிடனின் நாடகத்தில் மிசஸ் மாலப்ராப் என்று ஒரு சீமாட்டி. நைல் நதிக்கரை முதலை மாதிரி பிடிவாதக்காரி என்று சொல்ல வந்தவள், நைல் நதிக்கரை உருவகக் கதை மாதிரி பிடிவாதக்காரி என்பாள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. இந்த வகைப் பிழைக்கே அவள் பெயர்தான் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அவள் படிக்காதவள் என்பதால் நாம் சிரிக்கவில்லை. படித்தவள் என்று காட்டிக்கொள்ள, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் பெரிய சொல்லைத் தேடிப் போகிறாள் பாருங்கள், அதற்குத்தான் சிரிக்கிறோம். இந்த ஒன்றை மறந்தால் வாய்ப்பிழை நாசம்.

நம் ஊரில் அந்த ஆள் யார்? கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாத பிரமுகர். "மணமக்கள் வேரோடும் வேரடி மண்ணோடும் நீடூழி வாழ வேண்டும்" என்பார். வேரோடும் வேரடி மண்ணோடும் என்பது பிடுங்கி எறிவதற்கு மட்டுமே தமிழில் வருகிற தொடர். அவருக்கு அந்த ஓசை பிடித்திருக்கிறது, கம்பீரமாக இருக்கிறது, போதும். பெண்ணின் அப்பா கைதட்டுகிறார். கைதட்டித்தான் ஆக வேண்டும், மண்டபத்துக்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்தவர் அவர். இப்படி அதிகாரம் இருக்கிற வாயில் பிழையை வைத்தால், திருத்த முடியாத மற்றவர்களின் முகங்கள்தான் கதையாகின்றன.

"எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே" என்பது நன்னூல். தொல்காப்பியர் இன்னும் சுருக்கமாக, "மரபுநிலை திரியின் பிறிது பிறிதாகும்" என்றார். மரபு மாறினால் பொருள் வேறாகிவிடும் என்று அவர் எச்சரித்தது இலக்கணம் படிப்பவனை. கதை எழுதுகிறவனுக்கு அந்தப் "பிறிது"தான் வேண்டும். வெறுமனே ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் அது தட்டச்சுப் பிழை. மாறிய சொல் தானாக ஒரு பொருள் தந்து, அந்தப் பொருள் பேசுகிறவர் மறைத்து வைத்திருப்பதாகவும் இருந்தால்தான் வாய்ப்பிழைக்கு மதிப்பு.

பாகப்பிரிவினை நடக்கிற வீடு என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் தாய்மாமன், பத்திரம் எழுதுகிறவர், மூத்தவர். தெருப்பக்கத்து இரண்டு அறையில் இருக்கிற தம்பி இன்னும் காலி செய்தபாடில்லை. பொறுமையாக இருப்பா, பேசிப் பார்க்கலாம் என்கிறார் மாமன். மூத்தவர் சிரித்துக்கொண்டே, "பொறுமையாத்தான் மாமா இருக்கேன். அடிமேல் அடி அடிச்சா அண்ணன் தம்பியும் நகருவான்னு சும்மாவா சொன்னாங்க" என்கிறார். மாமன் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையை மடிக்காமல் வைத்திருக்கிறார். பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் திறந்து மூடுகிறார். உள்ளிருந்து காபி டம்ளரோடு வந்த தம்பி நிலைப்படியிலேயே நிற்கிறான். அடிமேல் அடி அடித்தால் நகர்வது அம்மி. அண்ணன் தம்பி வருவது அடி உதவுகிற பழமொழியில். இரண்டும் மூத்தவர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவருக்குத் தான் சொன்னதில் தப்பு இருப்பதே தெரியாது. கேட்ட மூன்று பேருக்கும் அவர் மனசு தெரிந்துவிட்டது. இந்த ஒரு வரிக்காக நான்கு பக்கம் எழுதலாம். ஆனால் நான்கு பக்கத்தில் இந்த மாதிரி நான்கு வரி வந்தால் மூத்தவர் கோமாளியாகிவிடுவார், வீடு யாருக்குப் போனால் என்ன என்று வாசகர் நினைப்பார்.

தமிழ்த் தொல்லைகள் என்றேனே, அவை இங்கேதான். ஆங்கில நாவலில் ஒரு சொல் எழுத்துப் பிசகி வந்தால் வேண்டுமென்றே செய்தது என்று வாசகருக்கு ஓரளவு பிடிபடும். நம் உரையாடல்களில் எழுத்தே நிலையாக இல்லை. பேச்சுத்தமிழை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம், ஊருக்கொரு விதமாகவும் எழுதுகிறோம். பாத்திரம் "அக்குவேர் ஆணிவேரா அலசிட்டேன்" என்று சொன்னால் அது அவருடைய பிழையா, உங்கள் பிழையா? அக்கு வேறு, ஆணி வேறு என்பதை வேர் என்று நினைத்து எழுதுகிறவர்கள் ஏராளம். காதுக்கு வித்தியாசமே பெரிதாகத் தெரியாது. வாசகர் உங்களைத்தான் சந்தேகப்படுவார்.

இன்னொன்று, எது சரி என்பதிலேயே சண்டை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது தவறு, ஆயிரம் வேரைக் கொன்றவன் என்பதே சரி என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறை யாராவது அனுப்புகிறார்கள். மண் குதிரையா மண் குதிரா, ஆற்றில் போடுவதா அகத்தில் போடுவதா என்று பட்டியல் நீளமானது. இந்த விளக்கங்களில் பலவும் பழமொழியின் கிண்டலைத் தாங்க முடியாமல், அதை நல்லபிள்ளை ஆக்குவதற்காகப் பிற்பாடு செய்தவை போலத்தான் எனக்குப் படுகின்றன. அது கிடக்கட்டும். உங்கள் பாத்திரம் "வேரை" என்று சொன்னால் ஒரு வாசகர் ஆகா விவரமானவர் என்பார், இன்னொருவர் தவறாகச் சொல்கிறார் என்று சிரிப்பார். குதிரைக்கொம்பும் அப்படியே. இல்லாத பொருளுக்குச் சொன்னது, இன்றைக்கு "அரிசி கிடைக்கிறது குதிரைக்கொம்பா இருக்கு" என்றால் கஷ்டம் என்றுதான் அர்த்தம். பாதி ஊர் செய்கிற பிழையைப் பாத்திரத்துக்குக் கொடுத்துப் பயனில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த தொடராக எடுங்கள், ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றுங்கள், ஓசையைத் தொடாதீர்கள். "ஆழம் தெரியாம காலை விடாதே" என்பது ஒரு வட்டிக்கடைக்காரர் வாயில் "காலம் தெரியாம ஆளை விடாதே" ஆகும்போது யாரும் அதை அச்சுப்பிழை என்று நினைக்க மாட்டார்கள்.

யாரைச் சிரிக்கிறோம் என்பதும் வாய்ப்பிழையில் சீக்கிரம் கைமீறும். அடகுக்கடை சேட்டு, வடக்கிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர், தமிழ் தெரியாத கதாநாயகி, இவர்களைத் தப்பும் தவறுமாகப் பேச வைத்து நாம் போதுமான அளவு சிரித்தாயிற்று. புது மொழியில் சோறு தேடுகிறவனின் தடுமாற்றத்தில் கதைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, அவன் தெரிந்தே செய்தாலொழிய. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ 1930களில் வந்த ஒரு நாவலின் முடிவில் இந்த ரகசியத்தை உடைப்பார்: நல்ல ஆங்கிலம் அவருக்கு வரும், ஆனால் உடைந்த ஆங்கிலம் பேசினால் வெளிநாட்டுக்காரன்தானே என்று எல்லோரும் அலட்சியமாக இருப்பார்கள், அப்போது வாயை விடுவார்கள். நம் சேட்டு அப்படி ஒருவராக இருந்தால் அந்தக் கதையை முதல் ஆளாகப் படிப்பேன்.

பிழையே இல்லாத தடுமாற்றம் ஒன்றும் இருக்கிறது, அது காதுப் பக்கத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை "வீட்டை போனா அம்மா பேசுவா" என்றால் திட்டுவாள் என்று பொருள். சென்னைக்காரத் தோழி, "பேசினா நல்லதுதானே, பேசட்டுமே" என்பாள். இருவரும் தமிழ்தான், இருவரும் சரிதான். இரண்டு ஊர்த் தமிழர்கள் ஒரே அறையில் தங்குகிற கதை டொரண்டோவிலோ லண்டனிலோ நடந்தால், மரபுத்தொடர் தெரியாத முட்டாள் யாரையும் வரவழைக்கத் தேவையே இல்லை. அதே வீட்டில் வளர்கிற பேரப்பிள்ளைக்கு மட்டும் காது, வாய் இரண்டையும் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது: அம்மம்மா சொல்வதைச் சின்ன வயதில் நேராகக் கேட்டு, வளர்ந்த பிறகு அதையே கோணலாகத் திருப்பிச் சொல்கிறவன். நடுவில் பத்து வருஷமாவது போக வேண்டும். ஒரே காட்சியில் கேட்பதிலும் சொல்வதிலும் தடுக்கினால் அவன் பொம்மைதான்.

நாவலா, நாடகமா, குறும்படமா என்பதும் கணக்கில் வரும். குரல் இருக்கிற இடத்தில் வாய்ப்பிழை பிழைத்துக்கொள்ளும். நடிகர் ஒரு நொடி நிறுத்திச் சொன்னால் யாருடைய பிழை என்பது தெளிவு. தாளில் அந்த ஒரு நொடி கிடையாது. மொழிபெயர்ப்புக்குப் போகும் என்று எதிர்பார்க்கிற கதையில் வாய்ப்பிழையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மியும் அண்ணன் தம்பியும் ஒட்டிக்கொண்டதை வேறு மொழியில் செய்ய வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் புதிதாக எழுத வேண்டியிருக்கும். தலை முழுகிய கதையை, சடங்கைப் பற்றி முன்பக்கத்தில் ஒரு வரி போட்டு வைத்தால், கொண்டுபோய்விடலாம்.

கதை சொல்கிறவரே தவறிச் சொல்கிறவராக, நாவல் முழுக்க, இருக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முடியும், ஆனால் இருபது பக்கத்துக்குள் வாசகர் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பிக்காமல் இருக்க வேண்டும். அதற்கு முதல் பக்கத்திலேயே, யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்குப் பெரிய ஒரு பிழை வேண்டும்.

கடைசியாக மெய்ப்புப் பார்க்கிறவர். காதுப்பிழைக்கு அவரால் ஆபத்தில்லை, எல்லாச் சொல்லும் சரியாகத்தானே இருக்கிறது. வாய்ப்பிழையை அவர் நல்லெண்ணத்தோடு திருத்திவிடுவார். அண்ணன் தம்பி அழிந்து அம்மி வந்து உட்கார்ந்துவிடும், அச்சானபின் பார்த்து அலறுவீர்கள். தம்பி எதற்கு நிலைப்படியில் நிற்கிறான் என்று வாசகருக்கும் புரியாது. பிரதியை அனுப்பும்போது எந்தெந்தப் பக்கத்தில் எந்தெந்த வரி வேண்டுமென்றே பிழையாக இருக்கிறது என்று தனித்தாளில் எழுதி இணைத்துவிடுங்கள். அந்தத் தாள் அரைப் பக்கத்தைத் தாண்டினால் கதையை ஒரு முறை திரும்பப் படிப்பது நல்லது.